ஏற்காட்டில் 2 நாள் கோச்சிங்: கொடுத்த காசுக்கு எது தேறியது

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. முதல் நாளுக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் இரண்டு, இரண்டாம் நாளுக்கு நாலரை. எங்கள் ஃபேக்டரி ஆட்களுக்கு இதை நடத்திய கோச்சின் பெயரைப் போடவில்லை. திட்டவும் போகிறேன், பாராட்டவும் போகிறேன், இரண்டையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று, அது போதும். இதே பாணியில் சேலம், ஈரோடு, கோவை என்று நிறையப் பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் கார்ப்பரேட் எல்லாம் கிடையாது. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் ஒரு சேகோ ஃபேக்டரி, ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் போடுகிறோம், நான் அங்கே 21 வருஷமாக மேனேஜர். சீசன் வந்துவிட்டால் மரவள்ளிக் கிழங்கு லாரி வரிசை கட்டி நிற்கும், ஒரு பக்கம் களத்தில் ஜவ்வரிசி காயும், இன்னொரு பக்கம் திப்பி, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, காயும், அந்த வாசனைக்குப் பழகாதவர்கள் கேட்டிலேயே கர்ச்சீப்பை எடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு 'டிரான்ஸ்ஃபர்மேஷனல் கோச்' ஒருவரைக் கூப்பிடலாம் என்று சின்ன முதலாளி சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பி கோவையில் எம்பிஏ முடித்துவிட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார், நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

ஆனால் பிரச்சினை இருந்தது, அதை மறைக்க முடியாது. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி விலை போடுவதுதான் எங்கள் தொழிலின் உயிர், அதற்குப் பெயர் பாயிண்ட். பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்கு விலை குறையும், கூட்டிப் போட்டால் ஃபேக்டரிக்கு நஷ்டம். அதனால் பாயிண்ட் பார்க்கிற இடத்தில் எப்போதும் ஒரு உரசல் இருக்கும். எங்களிடம் பாயிண்ட் பார்க்கிற தம்பி கெட்டிக்காரன், கணக்கு தப்பாது, ஆனால் வாய் இருக்கிறதே! போன சீசனில் வாரத்துக்கு நாலைந்து சண்டை. லாரியைத் திருப்பிக்கொண்டு பக்கத்து ஃபேக்டரிக்குப் போனவர்கள் உண்டு. அப்புறம் பேக்கிங்கில் ஒரு கதை, டெஸ்பாட்சில் ஒரு கதை, யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை, எல்லாமே என் காதுக்கு வந்துதான் அடுத்த காதுக்குப் போகும்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதலாமவர் அனுப்பிய நோட்டீஸில் 'இரண்டே நாளில் புது மனிதர்கள்' என்று போட்டிருந்தது, கடைசி நிகழ்ச்சியாகத் தணல் மேல் நடக்க வைப்பாராம், பயம் போய்விடுமாம். எங்கள் களத்து ஆட்களில் பாதிப் பேர் வருஷா வருஷம் மாரியம்மன் பண்டிகைக்குப் பூ மிதிக்கிறவர்கள், அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறாரே என்று பெரியவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாமவர் வாட்ஸப்பில் பிரபலங்களோடு நின்ற போட்டோவாக அனுப்பினார், விலையைத் தவிர வேறு எதையும் எழுத்தில் தரவில்லை. மூன்றாமவர்தான், "விலையை அப்புறம் பேசலாம் சார், முதல்ல ஒரு நாள் வந்து ஃபேக்டரியைப் பார்க்கணும், அதுக்குக் காசு வேண்டாம்" என்றார்.

வந்தார். மே மாதக் கடைசி, சீசன் இல்லாத நேரம், ஏதோ ஒன்றிரண்டு லாரி வந்துகொண்டிருந்தது. கர்ச்சீப்பை எடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். பாயிண்ட் பார்க்கிற இடத்தில் ஒரு ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை, நோட்டில் ஏதோ எழுதினார். டீ குடிக்கும்போது நானும் என் பங்குக்குக் கேள்வி கேட்டேன், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு டாக்டர், வக்கீல் மாதிரி சட்டப்படி பதிவோ லைசென்ஸோ கிடையாது, நாளைக்கே நான் விசிட்டிங் கார்டு அடித்தாலும் நானும் கோச்தான். அவர் கோபப்படவில்லை. இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்று 1995ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஒரு அமைப்பு இருக்கிறது, ஐசிஎஃப் என்பார்கள், அவர்கள் மூன்று படி வைத்திருக்கிறார்கள்: ஏசிசி, பிசிசி, எம்சிசி. முதல் படிக்குக் குறைந்தது 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து கோச்சிங் செய்திருக்க வேண்டும், இரண்டாவதுக்கு 500, மூன்றாவதுக்கு 2500. படிப்பு மணி நேரம் தனி. இவர் இரண்டாவது படி. "நீங்க யாரைக் கூப்பிட்டாலும் எத்தனை மணி நேரம் ஒருத்தரோட ஒருத்தரா உட்கார்ந்திருக்கீங்கன்னு கேளுங்க சார், எத்தனை பேருக்கு மேடையில பேசினீங்கன்னு கேக்காதீங்க" என்றார். இந்த ஒரு வரியை அவர் தன் முதல் நாள் நிகழ்ச்சிக்கே பொருத்திப் பார்த்திருக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோச், ட்ரெய்னர் வித்தியாசத்தையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ட்ரெய்னர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பவர். கோச் சொல்லிக் கொடுக்க மாட்டார், கேள்வி கேட்பார், பதிலை நம்மிடமிருந்தே எடுப்பார். கோச் என்ற சொல்லே ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டியிலிருந்து வந்ததாம், ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்க்கிற வண்டி. எங்கள் டிரைவருக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போய், "அப்போ நானும் கோச்தான்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் இரண்டாம் வாரம் போனோம். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஏற்காட்டில் கால் வைக்க இடம் இருக்காது, ரூம் வாடகையும் எகிறும். ஜூனில் இரண்டுமே இறங்கிவிடும், மழை மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும். 18 பேர், ஒரு வேன். அஸ்தம்பட்டி வழியாக அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். கோச்சுக்கு முன் சீட் ஒதுக்கியிருந்தோம், அவர் அதில் உட்காராமல் கடைசி சீட்டில், வாந்தி வருகிற கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். பேக்கிங் அக்கா ஒருவர் பதினோராவது வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சரி, இதுவரை எல்லாம் நல்லபடி.

முதல் நாள் ஹாலுக்குள் போனதும் மனுஷன் மாறிவிட்டார். அன்றைக்கு டீ குடிக்கும்போது அமைதியாகப் பேசியவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. காலர் மைக், டமால் என்று ஒரு பாட்டு, "குட் மார்னிங் சொன்னது பத்தல, இன்னும் சத்தமா!", பக்கத்தில் இருப்பவர் முதுகில் தட்டு, பலூனை ஊது, பலூனை உடைக்காமல் காப்பாற்று. டெஸ்பாட்ச் பார்க்கிற அண்ணனுக்கு 58 வயது, முட்டி வலி, அவர் பலூனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இளவட்டங்கள் ரசித்தார்கள், அதை மறுக்கவில்லை. காலையில் கொடுத்த காசுக்குச் சிரித்தோம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஸ்லைடு. நாம் பேசுவதில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகபாவத்துக்கும் உடல்மொழிக்கும் 55 என்று. உங்களில் எத்தனை பேர் இதை எத்தனை ட்ரெய்னர் வாயால் கேட்டிருப்பீர்களோ. எனக்கு உறுத்தியது. பாயிண்ட் 27 என்பதற்குப் பதில் 24 என்று சொல்லிவிட்டு எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் விவசாயி விடுவானா? அடுத்த ஸ்லைடு, ஒரு விஷயத்தை 21 நாள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும். சாப்பிட்டு முடித்து, சிக்னல் கிடைக்கிற ஒரு மூலையில் நின்று போனில் தேடிப் பார்த்தேன். அந்த 7, 38, 55 கணக்கு 1967ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியல்காரர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. சொல்லுகிற வார்த்தை ஒரு மாதிரியும் குரலும் முகமும் வேறு மாதிரியும் இருக்கும்போது, அந்த ஆளுக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதற்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் அதைப் போடக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 21 நாள் கதை இன்னும் தமாஷ். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960ல் எழுதினார், அதில் 'குறைந்தது' என்பதை எல்லோரும் விழுங்கிவிட்டார்கள். பின்னால் லண்டனில் 96 பேரை வைத்து ஒழுங்காகப் பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18லிருந்து 254 நாள் வரை போனது.

இதெல்லாம் போகட்டும், மதியம் நடந்ததுதான் எனக்குக் கோபம். விளக்கை அணைத்து, புல்லாங்குழல் இசை போட்டு, எல்லோரும் கண்ணை மூடுங்கள் என்றார். உங்கள் அம்மாவை நினையுங்கள், அவர் சமைத்துப் போட்டதை நினையுங்கள், இப்போது அவர் இல்லை என்று நினையுங்கள், அவரிடம் கடைசியாகச் சொல்லாமல் விட்டது என்ன. கல்லூரி கல்லூரியாக இதைச் செய்து பிள்ளைகளை அழவைத்து வீடியோ எடுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், நம்மிடமும் இதையே செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பேக்கிங் அக்கா, வண்டியை நிறுத்தச் சொன்னவர்தான், அவருடைய அம்மா போய் 4 மாதம்கூட ஆகவில்லை. நாற்காலி கிறீச்சிட்ட சத்தம்தான் கேட்டது, கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் இல்லை. வெளியே காப்பிச் செடிகளுக்கு ஓரமாக, தூறலில், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், என்ன பேசுவது என்று தெரியவில்லை, இரண்டு பேரும் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே கைதட்டல் கேட்டது.

ஃபேக்டரிக்கு வந்து முக்கால் மணி நேரம் நின்று பார்த்த மனுஷனுக்கு, "யார் வீட்டிலாவது சமீபத்தில் துக்கம் இருக்கிறதா" என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. மார்க்கில் ஒன்றரையைக் குறைத்தேன் என்றால் முக்கால்வாசி இதற்காகத்தான்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், அவர், நான், சின்ன முதலாளி. நல்ல பனிமூட்டம், எதிரே இருந்த விளக்கே மஞ்சள் புகையாகத் தெரிந்தது. நான் மூன்றையும் கொட்டிவிட்டேன், 7-38-55, 21 நாள், அக்கா. முதலில் வாதாடினார். இந்த அம்மா பயிற்சிதான் எங்கே போனாலும் நல்ல ஃபீட்பேக் வாங்கித் தருகிறது என்றார். ஃபீட்பேக் யார் எழுதுகிறார்கள், எழுந்து வெளியே போனவங்க எழுதுவாங்களா என்று கேட்டேன். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் அவருடைய கதை வந்தது, அது காலையில் மேடையில் சொன்ன கதை இல்லை.

மேடையில் சொன்னது: ஆறு இலக்கச் சம்பளம், கம்பெனி கார், எல்லாவற்றையும் உதறிவிட்டு மனசு சொன்ன வழியில் வந்தேன். வராந்தாவில் சொன்னது: பம்ப்செட் கம்பெனியில் 14 வருஷம் விற்பனை, கடைசியில் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள், வயது 38, வேறு வேலை கிடைக்கவில்லை, பேச்சு மட்டும் வரும், அதனால் ட்ரெய்னர். முதல் வருஷம் முழுக்கக் காசு வந்த நாள் ஒன்பது. வீடு ஓடியது வீட்டம்மாவின் டீச்சர் சம்பளத்தில். இன்ஜினியரிங் காலேஜ்களில் பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் என்று ஏஜென்சி மூலமாகப் போவார், 120 பிள்ளைகள், பாதி நேரம் வேலை செய்யாத மைக், நாள் முழுக்க நின்று தொண்டை கட்டி வெந்நீர் குடித்துக்கொண்டு, கையில் வருவது 4,000 ரூபாய், அதுவும் மூன்று மாதம் கழித்து. கல்லூரியிடம் ஏஜென்சி எவ்வளவு வாங்கியது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பிள்ளைகள் தூங்காமல் இருக்கத்தான் பலூன், பாட்டு, கைதட்டல் எல்லாம் கற்றுக்கொண்டாராம். "அது ஒட்டிக்கிச்சு சார், இப்போ கழட்ட வரமாட்டேங்குது" என்றார். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

இப்போது மாதத்துக்கு எட்டு, பத்து நாள் வேலை வருகிறதாம். மீதி நாளெல்லாம் சும்மா என்று நினைக்க வேண்டாம், கொட்டேஷன், தயாரிப்பு, பாக்கிக்காகப் போன், ரயில் டிக்கெட். சோறு போடுவது ட்ரெய்னிங், கோச்சிங்குக்குத் தனியாகக் காசு கொடுக்க நம் ஊர்ப் பக்கம் யாரும் முன்வருவதில்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவதற்கா இவ்வளவு என்பார்கள், அதே ஆள் மைக் பிடித்து 100 பேருக்குக் கத்தினால் தருவார்கள். அதனால் கோச்சிங்கை ட்ரெய்னிங்குக்குள் ஒளித்து வைத்து விற்கிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார், ஐசிஎஃப் சான்றிதழ் வாங்கும்போது, தான் பேசியதை ஒரு மூத்த கோச்சிடம் போட்டுக் காட்டித் திருத்திக்கொள்ள 10 மணி நேரம் கட்டாயம், அதில் அவருக்குக் கிடைத்த முதல் திட்டு "நீங்கள் அதிகமாகப் பேசுகிறீர்கள்". இன்றைக்கும் அந்த மூத்தவருக்குக் கைக்காசு கொடுத்து மாதம் ஒரு முறை போகிறாராம்.

இரண்டாம் நாள். காலையில் பனி விலகவே இல்லை. இட்லி வாங்குகிற இடத்தில் அவர் பேக்கிங் அக்காவிடம் போய் ஏதோ சொன்னதைப் பார்த்தேன், கோச் குனிந்தபடி, அக்கா தட்டைப் பார்த்தபடி. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் ஹாலில் மைக் இல்லாமல் எழுந்து நின்று, நேற்று நான் காட்டிய இரண்டு ஸ்லைடு தப்பு, மேனேஜர் சார் பிடித்துவிட்டார், ரொம்ப வருஷமாகக் காட்டுகிறேன், யாரும் கேட்டதில்லை, அழித்துவிட்டேன் என்றார். இந்த ஒரு நிமிஷத்துக்கு நான் நேற்றைக்குக் குறைத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். தப்பை ஒத்துக்கொள்வது எப்படி என்று ஒரு நாள் முழுக்க ஸ்லைடு போட்டிருந்தாலும் எங்கள் சூப்பர்வைசர்களுக்கு இப்படிப் போய்ச் சேர்ந்திருக்காது.

அதற்குப் பிறகு பாட்டு இல்லை, பலூன் இல்லை. மற்றவர்கள் மூன்று மூன்று பேராக ஃபேக்டரிப் பிரச்சினை ஒன்றை எடுத்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். சூப்பர்வைசர் மட்டத்தில் ஆறு பேருக்கு 40 நிமிஷம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் 7 மணி தாண்டிவிட்டது.

என் முறை மூன்றரை மணிக்கு. தோட்டத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச். எந்தப் பிரச்சினையைப் பேசலாம் என்று கேட்டார், பாயிண்ட் தம்பியின் வாய் என்றேன். எங்கே கொண்டுபோய் நிறுத்த ஆசை என்றார், சண்டை இல்லாமல் லாரி இறங்க வேண்டும் என்றேன். இப்போது என்ன நடக்கிறது, கடைசியாக நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இதற்கு ஒரு முறை இருக்கிறதாம், எங்கே போகணும், இப்போ எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி இருக்கு, எதைச் செய்யப்போகிறோம் என்ற நாலு படி, ஜான் விட்மோர் என்கிற, ஒரு காலத்தில் கார் ரேஸ் ஓட்டிய ஆங்கிலேயர் பிரபலப்படுத்தியது, இதெல்லாம் அப்புறம் அவரே சொன்னது. அந்த நேரத்தில் எனக்கு முறையும் தெரியவில்லை, படியும் தெரியவில்லை. நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தம்பி பாயிண்ட் சொல்லிட்டு இருக்கும்போது நீங்க எங்க நிக்கிறீங்க சார்?"

பக்கத்தில்தான், என்றேன். நின்று என்ன செய்வீர்கள் என்றார். இன்னொரு தடவை நானே பார்ப்பேன், என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து பெஞ்சின் கால் தெரியாமல் போயிற்று, அப்போதும் அவர் பேசவில்லை. தூரத்தில் யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் எனக்குத்தான் புழுக்கமாகிவிட்டது. டிரைவர், விவசாயி, சுமை ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் 25 என்று சொன்னதும் "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று நான் அளவைத் திரும்ப எடுக்கிறேன். 25தான் வரும். அதற்குப் பிறகு டிரைவர் அவனை மதிப்பானா? மதிக்காதவனிடம் அவன் கத்துகிறான். 21 வருஷ சர்வீஸில் இது எனக்கு உறைக்கவில்லை, நான் அவனுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கோச் சொல்லவில்லை, அதுதான் விஷயம். சொல்லியிருந்தால் நான் நிச்சயம் சண்டை போட்டிருப்பேன்.

சாயங்காலம் பெரியவர் போன் செய்து, பாயிண்ட் தம்பி உள்ளே என்ன சொன்னான் என்று கோச்சிடம் கேட்டார். காசு கொடுப்பவர் அவர்தான், ஆனாலும் "அது அவர் சொன்னா உண்டுங்க, நான் சொல்லக் கூடாது" என்று மறுத்துவிட்டார். பெரியவருக்கு முகம் சுண்டியிருக்கும், எனக்கு இந்த ஆளைக் கூப்பிட்டது தப்பில்லை என்று தோன்றியது அப்போதுதான்.

கணக்கு: ஒரு நாளைக்கு 45,000, இரண்டு நாளைக்கு 90,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 16,200, ஆக 1,06,200 ரூபாய். தங்கும் இடம், சாப்பாடு, வேன் எல்லாம் நம் செலவு. பாதி முன்பணம், பாதி முடிந்த அன்றைக்கே, ரசீது ஒழுங்காக வந்தது. 30, 60, 90ஆம் நாளில் ஆறு சூப்பர்வைசர்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்வதும் இதற்குள் சேர்த்தி. முதல் இரண்டும் சொன்ன தேதிக்கு வந்தன. மூன்றாவதற்கு நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது, ஏதோ பெங்களூரில் மாட்டிக்கொண்டாராம். தங்கிய இடத்தைப் பற்றி ஒரே வார்த்தை, ஹால் ஒழுகியது. இறங்கி வந்து சேலத்தில் சாப்பிட்ட தட்டுவடை செட்தான் அந்த இரண்டு நாளில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது என்பது வேன் முழுக்க ஏகமனதான தீர்ப்பு.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முடிந்த அன்று எழுதிக் கொடுக்கிற ஃபீட்பேக் தாளை நம்பாதீர்கள், நானே அதில் நல்லபடியாகத்தான் எழுதினேன், பசி வேறு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959லேயே இதை நாலு படியாகப் பிரித்துவிட்டார்: பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் நடத்தை மாறியதா, தொழிலுக்கு அதனால் என்ன வந்தது. ஃபீட்பேக் தாள் முதல் படியோடு நின்றுவிடும். நான் மூன்றாவது படிக்காக ஒரு நோட்டுப் போட்டேன். சீசன் ஆரம்பித்ததிலிருந்து பாயிண்ட் இடத்தில் சண்டை எத்தனை என்று கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். வாரத்துக்கு நாலைந்து இருந்தது இப்போது ஒன்று, சில வாரம் இரண்டு. இதில் கோச்சுக்கு எவ்வளவு, நான் அந்த இடத்தை விட்டுப் பத்தடி தள்ளி நிற்பதற்கு எவ்வளவு, இந்த வருஷம் விலை பரவாயில்லை என்பதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பத்தடி தள்ளி நிற்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கை தானாகப் போகிறது. 66 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, நான் 254 கேஸ் போலிருக்கிறது. டெஸ்பாட்சுக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் ஒரு மாற்றமும் இல்லை, 90 கிலோ மூட்டை எடை குறைந்தால் இன்றைக்கும் அவர்கள் இவர்களையும் இவர்கள் அவர்களையும் சொல்லிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

யாராவது கூப்பிடுவதாக இருந்தால், மேடை நேரம் எவ்வளவு, தனியாக உட்காருகிற நேரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முன்னாலேயே உங்கள் இடத்துக்கு வந்து பார்க்க மறுப்பவரை விட்டுவிடுங்கள். அழவைக்கிற பயிற்சி இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேளுங்கள், இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 100 பேர் 200 பேர் உள்ள கல்லூரிக்கு இவர் சரிப்பட்டு வரலாம், அங்கே அந்தப் பலூன் எடுபடும். சின்ன ஃபேக்டரிக்கு அவருடைய முதல் நாள் தேவையே இல்லை.

இதைத்தான் அடுத்த வருஷத்துக்குக் கொட்டேஷன் கேட்டபோது சொன்னோம், முதல் நாள் வேண்டாம், இரண்டு நாளும் தனித்தனியாக உட்காருங்கள். சரி என்றார், ஆனால் ஒரு நாளைக்கு 50,000 என்கிறார், பேசுவதை விடப் பேசாமல் இருப்பதுதான் களைப்பு என்று ஒரு காரணம் வேறு. பெரியவர் 45க்கு நிற்கிறார், இன்னும் முடிவாகவில்லை. யார் யார் வருகிறீர்கள் என்று போன வாரம் பெயர் எழுதினேன். பேக்கிங் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிக்கங்க, வர்றேன். ஆனா கண்ணை மூடச் சொன்னா மூடமாட்டேன்னு அந்த சார்கிட்ட இப்பவே சொல்லிருங்க" என்றார். முன் சீட்டும் அவருக்குத்தான் வேண்டுமாம்.